பழைய ஜப்பானின் ஷிந்தோ கோயில்களும் வழிபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் போய் வந்தவர்கள், போகத் திட்டமிடுபவர்கள், அனிமே பார்த்து ஆர்வம் வந்தவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 'பழைய ஜப்பான்' என்று நான் சொல்வது ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டு தொடங்கி 1868இல் மெய்ஜி ஆட்சி வரும்வரை உள்ள காலம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஷிந்தோ வழிபாட்டிடத்தைக் கோயில் என்றும், பௌத்த வழிபாட்டிடத்தை விகாரை என்றும் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே வளாகத்தில், பல நேரம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்று நாம் பார்க்கும் தெளிவான பிரிவுக்கு 150 ஆண்டு வயதுதான் ஆகிறது. பழைய ஜப்பானின் சமயத்தை 'கலப்படமில்லாத ஷிந்தோ' என்று தேடிப் போனால் அது கிடைக்காது.

ஷிந்தோவை நிறுவியவர் யார்? அதற்கு வேதநூல் உண்டா?

நிறுவியவர் என்று யாரும் இல்லை. இதை நம்பு, இதை நம்பாதே என்று சொல்லும் நூலும் இல்லை. புராணக் கதைகள் உண்டு. 712இல் முடிந்த கொஜிகி, 720இல் முடிந்த நிஹோன் ஷோகி ஆகிய இரண்டும் அவற்றில் முக்கியமானவை. இரண்டையும் எழுதவைத்தது அரசவை. பேரரசர்கள் சூரிய தேவி அமதெராசுவின் வழிவந்தவர்கள் என்று நிலைநாட்டுவதில் அரசவைக்குப் பெரிய அக்கறை இருந்தது. கிராமத்து விவசாயி இந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். தன் ஊர்த் தெய்வம் எங்கே குடியிருக்கிறது, நடவுக்கு முன் அதற்கு என்ன படைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

என்னைக் கேட்டால், பழைய ஷிந்தோவைப் புரிந்துகொள்ளப் புராணங்களைவிட அதிகம் உதவுவது 927இல் தொகுக்கப்பட்ட எங்கிஷிகி என்ற அரசு விதித் தொகுப்புதான். எந்தச் சடங்குக்கு எவ்வளவு துணி, உப்பு, அரிசி மது, கடல் சிப்பி கொடுக்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அரசின் காணிக்கை பெறத் தகுதியுள்ளவை என்று 2,861 கோயில்களும் அவற்றில் 3,132 தெய்வங்களும் அதில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 'எங்கள் கோயில் அந்தப் பட்டியலில் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்வது இன்றைக்கும் ஒரு கோயிலுக்குப் பெருமை.

காமி என்பது கடவுளா, ஆவியா?

இரண்டும் அடங்கும். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோத்தூரி நொரினாகா கொடுத்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது: வழக்கத்துக்கு மாறான ஆற்றலோடு, பார்ப்பவருக்குள் அச்சம் கலந்த வியப்பை உண்டாக்கும் எதுவும் காமிதான். அது மலையாக இருக்கலாம், இடியாக இருக்கலாம், நரியாக இருக்கலாம், இறந்துபோன மனிதராகவும் இருக்கலாம். நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொள்ளைநோயைக் கொண்டுவரும் காமிக்கும் படையல் உண்டு. இங்கே இருக்காதே, கிளம்பு என்று மரியாதையோடு வழியனுப்புவதற்கான படையல் அது.

கோயில் கட்டத் தொடங்குவதற்கு முன் எங்கே வழிபட்டார்கள்?

மலையடிவாரத்தில், பெரிய பாறையின் முன், ஆற்றின் தலைப்பில், தனித்து நிற்கும் மரத்தடியில். காமி அங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. அழைத்தால் வரும், விழா முடிந்தால் போய்விடும். அது இறங்குவதற்காக சகாக்கி என்ற பசுமை மாறா மரத்தின் கிளையை நட்டு, சுற்றிக் கயிறு கட்டி இடத்தை வரையறுப்பார்கள். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தின் தடயம் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் நாராவுக்குத் தெற்கே உள்ள ஓமிவா கோயில். அங்கே கருவறையே கிடையாது. வழிபாட்டு மண்டபத்துக்குப் பின்னால் மூன்று வாயில்கள் சேர்ந்த ஒரு தோரி (கோயில் வாயில்) நிற்கிறது. அதற்கு அப்பால் 467 மீட்டர் உயர மிவா மலை. அந்த மலைதான் மூலவர்.

இன்னொன்று ஜப்பானின் தென்மேற்குப் பெருந்தீவான கியூஷுவுக்கும் கொரியாவுக்கும் நடுவே கடலில் இருக்கும் ஒக்கினோஷிமா தீவு. 4ஆம் நூற்றாண்டிலிருந்து 9ஆம் நூற்றாண்டுவரை, கடல் கடந்து போகும் பயணங்களின் பாதுகாப்புக்காக அங்கே சடங்குகள் நடந்தன. முதலில் பாறைகளின் மேல், பிறகு பாறைகளின் நிழலில், கடைசியில் திறந்த வெளியில் என்று வழிபடும் இடம் மெல்ல நகர்ந்து வந்ததை அகழாய்வில் படிப்படியாகக் காண முடிந்தது. கொரியாவின் சில்லா நாட்டுத் தங்க மோதிரம், பாரசீகக் கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டு உட்பட ஏறத்தாழ 80,000 பொருள்கள் கிடைத்தன. இவ்வளவு பொருள் அத்தனை நூற்றாண்டுகள் திருட்டுப் போகாமல் கிடந்ததற்குத் தீவின் கட்டுப்பாடுகளே காரணம் என்று சொல்லலாம். கரையேறுமுன் கடலில் உடலைக் கழுவ வேண்டும். ஒரு சுள்ளியைக்கூட எடுத்துப் போகக் கூடாது. அங்கே கண்டதை வெளியே பேசக் கூடாது. பெண்கள் தீவில் இறங்கவே கூடாது. அந்தக் கடைசி விதியை ஏற்றுக்கொள்வது எனக்குக் கடினம். ஆனால் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு கோயிலுக்குள் என்னென்ன இருக்கும்? சிலை உண்டா?

தோரி என்ற வாயில், அங்கிருந்து உள்ளே போகும் பாதை, கையும் வாயும் கழுவும் தொட்டி, வழிபாட்டு மண்டபம், அதற்குப் பின்னால் பூட்டிய கருவறை. பாதையின் நடுப்பகுதி காமி நடக்கும் இடம் என்பதால் ஓரமாக நடப்பது மரியாதை. கருவறைக்குள் காமி தங்குவதற்கான ஒரு பொருள் இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி, வாள், மணிக்கல், சில இடங்களில் வெறும் கல். பூசாரிகூட அதைப் பார்த்திருக்க மாட்டார். பல அடுக்குத் துணிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் அது மூடியே இருக்கும். புத்தர் சிலைகளைப் பார்த்த பிறகு, 8, 9ஆம் நூற்றாண்டுகளில் காமிக்கும் மரச்சிலை செய்யும் பழக்கம் வந்தது. ஆனால் அவற்றையும் மக்கள் கண்ணில் காட்டாமல் உள்ளேயே வைத்தார்கள்.

மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் எமா. முன்பு உயிருள்ள குதிரையைக் காணிக்கை கொடுத்தார்கள். யோஷினோ மலைப்பகுதியின் நியுகவகாமி கோயிலுக்கு, மழை வேண்டுமென்றால் கருப்புக் குதிரை, மழை நிற்க வேண்டுமென்றால் வெள்ளைக் குதிரை என்று அரசவை அனுப்பியது. எல்லோராலும் குதிரை கொடுக்க முடியுமா? மண்ணில் செய்த குதிரை, பலகையில் வரைந்த குதிரை என்று சுருங்கி இன்றைய எமா வந்தது.

இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை ஏன் முழுதாகக் கட்டுகிறார்கள்?

அமதெராசு குடியிருக்கும் உட்கோயிலும், அவருக்கு உணவு வழங்கும் தொயோஉகே தேவியின் வெளிக்கோயிலும் சேர்ந்ததுதான் இசே. கருவறைக்குப் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு காலி மனை இருக்கும். 20 ஆண்டு முடியும்போது அந்த மனையில் புதுக் கோயில் எழும்பும். பிறகு பழையதைப் பிரித்துவிடுவார்கள். முதல் முறை இது நடந்தது 690இல், பேரரசி ஜித்தோ ஆட்சியில். கடைசியாக 2013இல் நடந்தது 62ஆவது முறை. அடுத்தது 2033.

ஏன் 20 என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நேரடிக் காரணம் கட்டடத்தில் இருக்கிறது. தூண்களை அடித்தளக் கல் மேல் நிறுத்தாமல் அப்படியே மண்ணில் நடுகிறார்கள். கூரை புல்லால் வேய்ந்தது. ஜப்பானின் ஈரத்தில் இப்படிப்பட்ட கட்டடம் நெடுநாள் பொலிவோடு நிற்காது. கல்லில் கட்டத் தெரியாமல் அவர்கள் இப்படிச் செய்யவில்லை. கல் அடித்தளமும் ஓட்டுக் கூரையும் பௌத்த விகாரைகளோடு ஏற்கெனவே ஜப்பானுக்கு வந்துவிட்டன. தெரிந்தே பழைய முறையை வைத்துக்கொண்டார்கள். இன்னொரு காரணம் கைவேலை. 20 வயதில் உதவியாளாக வந்த தச்சர் 40 வயதில் பொறுப்பேற்று, 60 வயதில் மேற்பார்வையிடுவார். வேலை ஆளிடமிருந்து ஆளுக்குப் போய்விடுகிறது.

ஒரு முறைக்கு 10,000க்கு மேற்பட்ட ஹினோக்கி என்ற சைப்ரஸ் வகை மரங்கள் தேவைப்படுகின்றன. கட்டடம் மட்டுமில்லை, உள்ளே இருக்கும் உடை, வாள், தறிக் கருவிகள் என 1,576 பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். முதல் மரத்தை வெட்டுவதிலிருந்து எல்லாம் முடிய 8 ஆண்டு ஆகும். காமியைப் புது வீட்டுக்கு அழைத்துப் போவது இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, வெள்ளைப் பட்டுத்திரை மறைவில் நடக்கும்.

பழைய மரம் வீணாவதில்லை. கருவறையின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள், உட்கோயிலுக்குப் போகும் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரியாக 20 ஆண்டு நிற்கும். அதற்குப் பிறகு செக்கி, குவானா என்ற பழைய யாத்திரை வழி ஊர்களுக்குப் போய் அங்கே தோரியாக நிற்கும்.

இதெல்லாம் தடையில்லாமல் நடந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் 100 ஆண்டுக்கு மேல் கோயில் கட்டப்படாமல் கிடந்தது. அதை மீட்டவர்கள் கெய்கோஇன் என்ற மடத்தைச் சேர்ந்த பௌத்தப் பிக்குணிகள். அவர்களில் செய்ஜுன் ஊர் ஊராக நிதி திரட்டியதால் 1563இல் வெளிக்கோயில் மறுபடி எழுந்தது. இசேயிலோ துறவிகள் கருவறைக்கு அருகே வர அனுமதி இல்லை. தள்ளியிருந்து கும்பிட அவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பிக்குணிகள் இல்லையென்றால் இன்று எண்ணுகிற இந்த 62 என்ற கணக்கு இருந்திருக்காது. அவர்களை இன்னும் அதிகமாக நினைவுகூர வேண்டும் என்பது என் ஆசை.

இசுமோ கோயில் உண்மையிலேயே 48 மீட்டர் உயரமாக இருந்ததா?

இசுமோவில் இருப்பவர் ஒகுனினுஷி. நாட்டை உருவாக்கி, பிறகு அமதெராசுவின் வழியினருக்கு விட்டுக்கொடுத்தவர் என்பது கதை. அதற்கு ஈடாகக் கேட்ட மாளிகைதான் அந்தக் கோயில். 1744இல் கட்டிய இன்றைய கருவறையே 24 மீட்டர் உயரம். முற்காலத்தில் இதைப்போல இரு மடங்கு இருந்தது என்று கோயில் மரபு சொல்லிவந்தது. கோயிலைக் காத்த குடும்பத்திடம் இருந்த பழைய வரைபடத்தில் மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டி ஒரே தூணாக்கியது போல இருக்கும். அதைக் கற்பனை என்றே பலர் நினைத்தார்கள். 2000ஆம் ஆண்டு வளாகத்தில் தோண்டியபோது, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள மூன்று செடார் அடிமரங்கள் ஒன்றாகச் சேர்த்து நட்டபடியே கிடைத்தன. சேர்த்துப் பார்த்தால் தூணின் குறுக்களவு ஏறத்தாழ 3 மீட்டர். 13ஆம் நூற்றாண்டில் கட்டிய கருவறையுடையது அது. 48 மீட்டர் என்பதை அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் வரைபடம் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் நாட்டின் காமிகள் எல்லாம் இசுமோவில் கூடுவதாக நம்பிக்கை. ஆகவே மற்ற ஊர்களில் அது காமி இல்லாத மாதம், இசுமோவில் மட்டும் காமி இருக்கும் மாதம்.

பாவம், புண்ணியம், தீட்டு பற்றி என்ன நினைத்தார்கள்?

பழைய ஷிந்தோவின் மையமே தீட்டுதான். ஆண்டுக்கு இருமுறை, ஆறாம் மாதக் கடைசியிலும் பன்னிரண்டாம் மாதக் கடைசியிலும், அரசவை ஓஹராஏ என்ற பெரிய தூய்மைச் சடங்கை நடத்தியது. அப்போது ஓதிய உரை கிடைத்திருக்கிறது. அதில் வரும் குற்றங்களின் பட்டியலில் முதலில் வருவது வயல் வரப்பை உடைப்பது. அடுத்தது வாய்க்காலைத் தூர்ப்பது. விதைத்த நிலத்தில் மறுபடி விதைப்பதும் குற்றம். நெல் விளைவிக்கும் சமூகத்தின் பயம் அந்த வரிசையிலேயே தெரிகிறது. தொடர்ந்து, முறைதவறிய உறவும், தோல் நோயும், பூச்சிகளால் வரும் கேடும் ஒரே மூச்சில் எண்ணப்படுகின்றன. வேண்டுமென்றே செய்த தவறு, தானாக வந்த துன்பம் என்று பிரிக்கவில்லை. எல்லாமே அழுக்கு. அதைக் கழுவி ஆற்றில் விட்டால் கடலுக்குப் போய்விடும்.

எங்கிஷிகியில் கணக்கே இருக்கிறது. மனித மரணத்துக்கு 30 நாள், பிறப்புக்கு 7 நாள், வீட்டு விலங்கு செத்தால் 5 நாள், குட்டி போட்டால் 3 நாள். தீட்டு தொற்றும் விதமும் எழுதப்பட்டிருக்கிறது. தீட்டுள்ள இடத்துக்குப் போனவரையும் அவர் வீட்டாரையும் அது பிடிக்கும். அவர் வீட்டுக்கு வந்த மூன்றாமவரை மட்டும் பிடிக்கும். அந்த மூன்றாமவரிடம் போன நான்காமவரைத் தொடாது. இந்த விதிகளின் சுமை பெண்கள் மேலும், பிணம், தோல் சார்ந்த வேலை செய்தவர்கள் மேலும்தான் அதிகம் விழுந்தது. அந்த வேலைகளைச் செய்தவர்களின் வழியினர் பல நூற்றாண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். பழைய மரபை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விதிவிலக்கும் இருந்தது. தெற்கே கீ மலைகளில் இருக்கும் குமானோ கோயில்கள் பெண்களையும் நோயாளிகளையும் வாசலில் நிறுத்தவில்லை. கவிஞர் இசுமி ஷிகிபு குமானோவின் எல்லைக்கு வந்தபோது மாதவிலக்கானதால் போக முடியாதே என்று கவிதை பாடி வருந்தினாராம். கனவில் வந்த காமி, பரவாயில்லை, வா என்று பதில் கவிதை சொன்னதாம். இது பிற்காலக் கதைதான். ஆனால் குமானோ தன்னைப்பற்றி இந்தக் கதையைப் பரப்பிக்கொண்டது என்பதே முக்கியம். ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிரகாவா அங்கே 34 முறை போய்வந்தார்.

பெண்கள் பூசை செய்தார்களா?

செய்தார்கள், மிக உயர்ந்த நிலையிலும்கூட. பேரரசர் மாறும்போதெல்லாம் மணமாகாத ஓர் இளவரசியைக் குறி பார்த்துத் தேர்ந்தெடுத்து இசேக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பெயர் சாய்ஓ. 7ஆம் நூற்றாண்டில் ஒழுங்கான ஏற்பாடாகத் தொடங்கி 14ஆம் நூற்றாண்டுவரை நடந்தது. மொத்தம் 60க்கு மேற்பட்ட இளவரசிகள். சிலர் சிறுமிகள். கோயிலிலிருந்து தள்ளியிருந்த தனி ஊரில், பெரும் பரிவாரத்தோடு, ஆனால் வீட்டைவிட்டு விலகி வாழ்ந்தார்கள். இசேயில் அவர்கள் நேரில் சடங்கு செய்தது ஆண்டுக்கு மூன்று முறைதான். பேரரசர் இறந்தாலோ பதவி விலகினாலோதான் பொதுவாகத் திரும்பலாம். அவர்கள் இடத்தில் பௌத்தச் சொற்கள் தடை. புத்தரை 'நடுவில் இருப்பவர்' என்றும், மொட்டைத் தலைத் துறவியை 'நீள்முடியர்' என்றும் மாற்றிச் சொன்னார்கள்.

சின்னக் கோயில்களில் மிகோ என்ற பெண்கள் ஆடிக் காமியை வரவழைத்து அருள்வாக்குச் சொன்னார்கள். இன்று சிவப்புப் பாவாடையில் தாயத்து விற்கும் மிகோக்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பழைய வேலை தெரியாது. 1873இல் அரசு அருள்வாக்குச் சொல்வதைத் தடை செய்துவிட்டது.

பௌத்தம் வந்தபோது சண்டை வரவில்லையா?

தொடக்கத்தில் வந்தது. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கொரியாவின் பெக்சே அரசு புத்தர் சிலையை அனுப்பியது. ஏற்கலாம் என்றது சோகா குடும்பம், நம் காமிகள் கோபிப்பார்கள் என்றது மோனோனோபே குடும்பம். 587இல் போரில் மோனோனோபே தோற்றது. அரசியல் போட்டிதான் அதில் பெரும்பங்கு.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். காமிகளை விரட்டவில்லை, அவர்களுக்கும் தீட்சை கொடுத்தார்கள். 763இல் தாதோ மலையின் காமி, 'நீண்ட காலம் காமியாகப் பிறந்து துன்பப்படுகிறேன், புத்தரிடம் அடைக்கலம் வேண்டும்' என்று அருள்வாக்கில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உடனே அங்கே விகாரை எழுந்தது. இப்படிக் கோயிலுக்குள் விகாரை கட்டுவது நாடெங்கும் பரவியது. மறுபக்கம், நாராவின் பெரிய புத்தர் சிலை வேலைக்குத் துணைநிற்பதாக, கியூஷுவின் உசாவில் இருந்த ஹச்சிமன் என்ற காமி வாக்குக் கொடுத்தார். 749இல் அவரை ஊர்வலமாகத் தலைநகருக்கு அழைத்துவந்தார்கள். பிறகு அவருக்குப் போதிசத்துவர் என்ற பட்டமே கிடைத்தது.

நாளடைவில் ஒவ்வொரு காமியும் ஒரு புத்தரோ போதிசத்துவரோ இந்த மண்ணில் எடுத்த வடிவம் என்ற கொள்கை நிலைத்தது. குமானோ ஹொங்கூவின் காமி அமிதாப புத்தர், அமதெராசு வைரோசன புத்தர், இப்படி. காமியின் முன்னால் சூத்திரம் ஓதுவது துறவியின் அன்றாட வேலையானது. எடோ காலத்தில் (1603–1868) எல்லாக் குடும்பமும் ஏதாவது ஒரு விகாரையில் பதிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், கோயில் பூசாரிகளுக்கே பெரும்பாலும் பௌத்த முறையில்தான் இறுதிச் சடங்கு நடந்தது.

நமக்குத் தெரிந்த தெய்வங்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவர்கள். சரஸ்வதி பென்சைத்தென் ஆனார். நீர்நிலை அருகே, கையில் பீவா என்ற நரம்புக் கருவியோடு இருப்பார். பிள்ளையார் காங்கித்தென். இரு யானைத்தலை உருவங்கள் தழுவி நிற்கும் வடிவில் பெட்டிக்குள் மறைத்தே வைப்பார்கள். மகாகாலர் தைக்கோக்குத்தென் ஆகி, இசுமோவின் ஒகுனினுஷியோடு கலந்து, அரிசி மூட்டை மேல் நிற்கும் செல்வத் தெய்வமாகிவிட்டார். கடலோடிகள் வணங்கிய கொம்பிரா, கங்கையின் முதலைத் தெய்வம் கும்பீரர். ஷிகோகுவில் அந்தக் கோயிலுக்கு 785 படி ஏற வேண்டும். 752இல் நாராவின் பெரிய புத்தருக்குக் கண்திறப்புச் சடங்கைச் செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் தென்னிந்தியர் என்று ஜப்பானிய மரபு சொல்கிறது.

இறந்த மனிதர்களுக்கு ஏன் கோயில் கட்டினார்கள்?

முதலில் பயத்தால். அநியாயமாகச் செத்தவரின் ஆவி நோயும் இடியும் கொண்டுவரும் என்று நம்பினார்கள். 863இல் தலைநகரில் தொற்றுநோய் பரவியபோது, அரசியல் சூழ்ச்சியில் மாண்டவர்களின் ஆவிகளை அமைதிப்படுத்த அரண்மனைப் பூங்காவில் இசையும் ஆட்டமுமாகப் பெருவிழா நடத்தினார்கள். 869இல் மறுபடி நோய் பரவியது. அப்போது நாட்டின் 66 மாநிலங்களுக்கு ஒன்றாக 66 ஈட்டிக் கம்பங்கள் நட்டு வழிபட்டார்கள். கியோத்தோவின் புகழ்பெற்ற கியோன் விழாவின் தொடக்கம் அதுதான்.

எல்லோருக்கும் தெரிந்தவர் சுகவரா நோ மிச்சிசானே. பெரிய புலவர், அமைச்சர். ஃபுஜிவாரா குடும்பத்தின் பொய்க் குற்றச்சாட்டால் 901இல் தொலைவில் கியூஷுவில் இருந்த தசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டு 903இல் அங்கேயே இறந்தார். அவரை வீழ்த்திய தொக்கிஹிரா 909இல் இளவயதில் செத்தார். 923இல் பட்டத்து இளவரசர். 930இல் அரண்மனைக் கட்டடத்தின் மேலேயே இடி விழுந்து அரசவையினர் இறந்தார்கள், சில மாதத்தில் பேரரசரும். 947இல் கியோத்தோவில் கித்தானோ கோயில் எழுந்தது. 993இல் இறந்தவருக்கு முதலமைச்சர் பதவியே கொடுத்தார்கள். காலப்போக்கில் பயம் தணிந்து, அவர் படித்தவர் என்ற நினைவு மேலே வந்தது. இன்று தேர்வெழுதும் பிள்ளைகள் போய் நிற்பது அவர் முன்னால்தான்.

சிவப்புத் தோரி வரிசையும் நரியும் யாருடையவை?

இனாரியுடையவை. நெல்லின் காமி, பிறகு வணிகர்களின் காமி. தலைமைக் கோயில் கியோத்தோவின் ஃபுஷிமி, மரபின்படி 711இல் தோன்றியது. நரி இனாரியின் தூதர் மட்டுமே. வேண்டுதல் நிறைவேறியவர்கள் தோரி கொடுக்கும் வழக்கம் எடோ காலத்தில் பரவி, மலைப்பாதை முழுக்க நிறைந்துவிட்டது.

சாதாரண மக்கள் நீண்ட யாத்திரை போக முடிந்ததா?

எடோ காலத்தில் விவசாயி ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். இசே யாத்திரை என்றால் மறுப்பது கடினம். எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) நடந்தால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 15 நாள். செலவுக்கு ஊரில் குழு சேர்த்தார்கள். நம் ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு போலத்தான்: எல்லோரும் மாதாமாதம் பணம் போடுவார்கள், குலுக்கலில் பெயர் வந்தவர்கள் எல்லோருக்காகவும் போய்வருவார்கள். ஓஷி என்ற யாத்திரைப் பூசாரிகள் நாடெங்கும் சுற்றித் தாயத்தும் நாட்காட்டியும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். இசேக்கு வந்தால் தங்கள் வீட்டில் தங்கவைத்து, ஊர்க்காரர் வாழ்நாளில் பார்த்திராத விருந்து போட்டார்கள்.

சில ஆண்டுகளில் இது வெள்ளமாகிவிடும். 1705இல் 50 நாளில் 36 லட்சம் பேர் வந்ததாக நொரினாகா குறித்திருக்கிறார். அன்று ஜப்பானின் மக்கள்தொகையே 3 கோடி அளவுதான். முதலாளியிடம் சொல்லாமல் வேலையாள் கிளம்பிப் போவார், பெற்றோரிடம் சொல்லாமல் பிள்ளைகள் போவார்கள். திரும்பி வரும்போது இசேத் தாயத்து கையில் இருந்தால் தண்டிப்பதில்லை. வழியில் இருந்த ஊர்க்காரர்கள் சோறும் செருப்பும் இலவசமாகக் கொடுத்தார்கள். நோயில் கிடந்தவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் காசு கட்டி அனுப்பிவைத்ததும் உண்டு. வழிப்போக்கர்கள் அதற்குத் தீனி போட்டு, கை மாற்றிக் கை மாற்றி இசே வரை கூட்டிப் போனார்கள். இந்த யாத்திரைகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் பழைய ஜப்பானிய மக்கள் எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறார்கள்.

1868இல் என்ன மாறியது?

புதிய மெய்ஜி அரசு காமியையும் புத்தரையும் பிரிக்க ஆணையிட்டது. கோயில்களில் பணிசெய்த துறவிகள் துறவைக் களைய வேண்டும், புத்தர் சிலைகளை அகற்ற வேண்டும். ஆணை பிரிக்கச் சொன்னது. பல இடங்களில் மக்களும் பூசாரிகளும் உடைத்தார்கள், எரித்தார்கள். பிவா ஏரிக்கரையின் ஹியோஷி கோயிலில் சிலைகளும் சூத்திரச் சுவடிகளும் நெருப்பில் போயின. காமகுராவின் ஹச்சிமன் கோயிலில் இருந்த பகோடா என்ற பௌத்தக் கோபுரம் 1870இல் இடிக்கப்பட்டது. கியோன் கோயிலின் கோசு தென்னோ என்ற கலப்புத் தெய்வத்தின் பெயரை நீக்கி, புராணக் காமியான சுசனோவோவின் பெயரை வைத்தார்கள், கோயிலின் பெயரும் யசாகா ஆனது. ஓஷிகளின் தொழில் 1871இல் ஒழிக்கப்பட்டது.

1906க்குப் பிறகு இன்னொரு அடி. சின்னக் கோயில்களை ஊருக்கு ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 1,90,000 ஆக இருந்த கோயில்கள் சில ஆண்டுகளில் 1,20,000 அளவுக்குக் குறைந்தன. கோயில் போனால் அதைச் சுற்றியிருந்த காடும் வெட்டி விற்கப்பட்டது. வக்கயாமாவில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் மினகாத்தா குமகுசு இதைக் கடுமையாக எதிர்த்து, 1910இல் காவலில் அடைக்கப்பட்டார். காடு போனால் பறவையும் பாசியும் மட்டும் போகாது, ஊரின் ஒட்டுறவும் போகும் என்று வாதாடினார்.

ஆயிரம் ஆண்டு சேர்ந்து வளர்ந்ததைச் சில ஆண்டில் வெட்டிப் பிரித்தது பேரிழப்பு என்றே நான் கருதுகிறேன். அதில் அழிந்த சிலைகளைவிட, இதுதான் ஆதிகாலம் முதல் இருந்த நிலை என்று அடுத்த தலைமுறை நம்பிவிட்டது எனக்கு அதிகம் வலிக்கிறது.

இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, ஒருமுறை வணங்கும் முறை பழையதா?

கைதட்டுவது மிகப் பழையது. ஜப்பானியர்கள் பெரியவர்கள் முன் மண்டியிடுவதற்குப் பதிலாகக் கைதட்டுகிறார்கள் என்று 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாறே சொல்கிறது. ஆனால் 2-2-1 என்ற எண்ணிக்கை மெய்ஜி காலத்துக்குப் பிறகு வந்த விதிமுறைகளால் பொதுவானது. இசுமோவில் இன்றும் நான்கு முறை தட்டுகிறார்கள். கோயிலில் திருமணம் செய்யும் வழக்கமும் 1900இல் பட்டத்து இளவரசரின் திருமணத்துக்குப் பிறகே பரவியது.

பழைய கலப்பு நிலையை இன்றும் பார்க்க எங்கே போகலாம்?

நாரா மாவட்டத்தின் தன்சன் கோயிலுக்குப் போங்கள். முன்பு அது விகாரையும் கூட. 1532இல் மீண்டும் கட்டிய 13 அடுக்குப் பகோடா ஒரு ஷிந்தோ கோயிலுக்குள் இன்னும் நிற்கிறது. நிக்கோவில், எடோ ஆட்சியை நிறுவிய தொக்குகவா இயெயாசுவின் கோயில் வாசலிலும் ஐந்து அடுக்குப் பகோடா தப்பியிருக்கிறது. எதிர்த்திசையில், ஐச்சி மாவட்டத்தின் தொயோகவா இனாரி ஒரு ஜென் விகாரை. வாசலில் தோரியும், உள்ளே நரிச்சிலைகளும், சூத்திரம் ஓதும் துறவிகளும் இருப்பார்கள். குமானோவின் நாச்சியில் கோயிலும் விகாரையும் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. இடையே ஒரு சின்ன வாயில்தான். இசேக்குப் போவதென்றால் முதலில் வெளிக்கோயில், பிறகு உட்கோயில் என்பது பழைய ஒழுங்கு. வெளிக்கோயிலில் தினமும் காலையும் மாலையும் மரத்தைக் கடைந்து எடுத்த நெருப்பில் சமைத்துக் காமிகளுக்கு உணவு படைக்கிறார்கள்.